கோமதி ஏன் கடல் படித்தாள்

கோமதியின் கணவர் சேகர் அழைத்தபோது எங்கள் கம்பெனி வேன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைச் சாலை நெரிசலில் நின்றிருந்தது. "அக்கா, கோமதி காலையில போயிட்டா. தூக்கத்துலதான். உங்க குரூப்புல நீங்கதான் சொல்லணும்" என்றார். நெடுநாள் நோய், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அதைத் தட்டச்சு செய்ய எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

அவர் குரூப் என்று சொன்னது, பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியலைத் துணைப்பாடமாக எடுத்தவர்களின் வாட்ஸ்அப் குழுவை. அதற்கு 'மைனர்கள்' என்று பெயர் வைத்தவளே கோமதிதான். முதல் பதில் சியூ லிங்கிடமிருந்து வந்தது: "கடல் அட்டையை மிதித்துவிட்டு அதனிடம் அவள் சாரி சொன்னது ஞாபகம் இருக்கிறதா?" அதன்பின் மாலை வரை கதைகள். ஒரு மரணச் செய்திக்குக் கீழே அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாரும் எழுதிவிட்டார்கள். என் பங்கு இது.

நாங்கள் இருவரும் கணக்கியல் மாணவிகள். எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே நிர்வாகவியலைத்தான் துணைப்பாடமாக எடுத்தார்கள். கோமதி கடல் அறிவியலில் பெயர் கொடுத்துவிட்டு என் கையையும் பிடித்து இழுத்தாள். "கணக்கு நமக்குச் சோறு போடும் லா. அதுக்காக எல்லா வருசமும் சோத்தைப் பத்தியே படிக்கணுமா?" என்று கேட்டாள். நானும் சேர்ந்துவிட்டேன்.

சூலியா தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருந்த அவள் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மேஜர் கணக்கு, மைனர் கடல்" என்று அவள் விளக்கியபோது நானும் கடையில் நின்றிருந்தேன். "நம்ம குடும்பத்துல மைனர்னு ஊர் சுத்தினவன் ஒருத்தன்கூட இல்ல. நீதாம்மா முதல் மைனர்" என்றார். அவர் கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கோமதி சிரித்த சிரிப்பில் பேனா வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். "நீஞ்சத் தெரியாது, இதுல கடலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார்.

உண்மையான சிக்கல் அதுதான். இரண்டாம் ஆண்டில் கடலுக்குள் இறங்கும் களப்பயிற்சி வந்தது. நீச்சல் குளத்தை ஒரு முறை நிற்காமல் கடந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் பாடத்தையே விட்டுவிட வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். தண்ணீரில் முகம் வைக்கவே பயந்த கோமதி, விடுதிக் குளியலறையில் வாளிக்குள் முகத்தை அமுக்கிப் பழகினாள். பிறகு வகுப்பு முடிந்ததும் இருவரும் குளத்துக்குப் போவோம். நான் அவள் வயிற்றைத் தாங்கிப் பிடிப்பேன். "கையை எடுக்கும்போது சொல்லாதே, பயமா இருக்கு" என்பாள். சொல்லாமல் எடுத்தால், இருமி முடித்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்பாள்.

தேர்வு நாளன்று அவள் அப்பா கடையைப் பூட்டிவிட்டு, தோல் காலணியோடு குளத்தங்கரையில் வந்து நின்றார். அவளைத் தடுக்கத்தான் வந்திருந்தார். "கோமு, வேணாம்மா. மேனேஜ்மென்ட்டுக்கு மாத்திக்கோ" என்றார்.

"இப்ப எப்படிப்பா மாத்துறது? நனைஞ்சுட்டேனே" என்று சொல்லிவிட்டு அவள் நீந்தத் தொடங்கினாள்.

அது எந்த வகை நீச்சல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாதி வழியில் தலை உள்ளே போனது. நான் குதிக்கத் தயாரானேன். தலை மேலே வந்தது. இருமினாள், மறுபடி கையை வீசினாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் அப்பா குளத்தின் ஓரமாக அவளுக்குச் சமமாக நடந்துகொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம்தான் கோமு. சுவரு வந்துருச்சும்மா, வந்துருச்சு." சுவர் நல்ல தூரத்தில் இருந்தது. அவர் சொல்லிக்கொண்டே நடந்தார். அவள் சுவரைத் தொட்டதும் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவள் ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை வகுப்பு முழுவதற்கும் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

களப்பயிற்சியில், நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு முதல் முறை கடலுக்குள் பார்த்தவள் நெடுநேரம் எழவில்லை. எழுந்தபோது கண்ணாடிக்குள் தண்ணீர். "லூசா இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல. இது வெளியிலேருந்து வந்த தண்ணி இல்ல" என்றாள்.

படிப்பு முடிந்து ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். கணக்காளருக்குக் கடல் எதற்கு என்று கேட்டார்களாம். "எனக்குக் கடல்னா பயம் சார். அதான் படிச்சேன்" என்று சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்தது. ஓய்வு நாட்களில் அலுவலகத்தில் பாதிப் பேரைப் பிள்ளைகளோடு பாறைக்கரைக்குக் கூட்டிப்போய், ஓட்டுக்குள் ஒளிந்த நண்டுகளைக் காட்டுவாள். தன் வேலையைப் பற்றி அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அஸ்தி கரைக்கப் படகில் போனோம். படகுக்காரர் அவசரப்பட்டார். தண்ணீரைப் பார்த்தேன், கரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுங்கண்ணே. தண்ணி இறங்க ஆரம்பிக்கட்டும். இப்ப விட்டா கரைக்கே திரும்பிடும்" என்றேன். படகுக்காரர் சேகரைப் பார்த்தார். கோமதியின் அப்பா, இப்போது மிகவும் தளர்ந்துவிட்டவர், "அவங்க சொல்றதைக் கேளுங்க தம்பி. என் மகளோட சேர்ந்து கடல் படிச்சவங்க" என்றார். காத்திருந்தோம். சேகர் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அப்பா அவள் சிறுவயதுக் குறும்புகளைச் சொன்னார். படகுக்காரர்கூடச் சிரித்தார். பிறகு நீர் திரும்பியது. அவள் அதோடு வெளிக்கடலுக்குப் போனாள்.

கணக்கியல் எனக்கு வேலை தந்தது. கோமதி தந்தது ஒரு பழக்கம். அக்கரையில் பத்து காவான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போது, வேன் கடல் பாலத்தைக் கடக்கையில், கீழே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். அதனால் எனக்கு ஒரு காரியமும் ஆகப் போவதில்லை. ஆனால் அந்த நாள் எனக்கு அங்கேதான் தொடங்குகிறது. நேற்று பக்கத்து இருக்கைப் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், "என்னக்கா பாக்குறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். என் மேல் சாய்ந்து அவளும் எட்டிப் பார்த்தாள்.