விடுமுறை தெரியாத தொட்டி

இருபத்திரண்டு வருடங்களாக நான் ஒரே ஒரு வாயுவைக் காட்டி ஊரைப் பயமுறுத்திச் சம்பளம் வாங்கிவருகிறேன். ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி வேலை. குப்போலா என்று நாங்கள் சொல்லும் உயரமான உலையில் கரியையும் பழைய இரும்பையும் போட்டு எரித்தால், கீழே இரும்பு உருகி வரும், மேலே கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு என் முதல் வகுப்பு அதைப் பற்றித்தான். வகுப்பிலேயே சிலர் தூங்கிவிடுவார்கள். அது வாயுவின் குற்றமல்ல.

ஆகவே அந்த வாயுவை விரும்பிச் சாப்பிடும் ஒரு ஜீவன் எங்கள் கேட்டுக்குள் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அது இரண்டு டிரெய்லர்களில் வந்தது: ஓர் எஃகுத் தொட்டி, பம்புகள், குழாய்கள், கறுப்பாக மடித்துக் கட்டிய ஒரு பெரிய பை. கூடவே ஒரு விஞ்ஞானி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். உலையின் புகையைக் கழுவிக் குளிரவைத்துப் பைக்குள் அடைப்பது, பையிலிருந்து தொட்டிக்கு விடுவது, தொட்டியிலிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிசாராயம் செய்வது. ஏற்பாடு அவ்வளவுதான். அந்தச் சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கலாம், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகவும் ஆக்கலாம். இந்த வகை உயிரை முதலில் முயல் புழுக்கையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்களாம். மனித குலத்தின் எரிபொருள் கவலைக்கு மருந்தை முயல் எங்கே வைத்திருந்தது என்று நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. படித்ததையெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு வாரத்தில் என் மேஜையில் நான் மட்டும் சாப்பிட ஆரம்பித்தேன்.

ஃபவுண்டரி ஆட்களுக்கு ஒரே சந்தேகம்தான். அதைக் குப்போலா ஃபோர்மேன் கேட்டார். வல்லக்கோட்டைக்காரர், நெற்றி நிறைய விபூதி, முப்பது வருடமாக உலையோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"இன்னா சார், சாராயம்ன்றீங்க. இத்த குடிக்கலாமா?"

"குடிச்சா கண்ணு போகலாம், உயிரும் போகலாம்."

"அப்ப எதுக்கு சார் சாராயம்னு பேரு வெச்சானுங்க? பாவம், பசங்க ஆசையா கீறானுங்க."

அன்று மாலையே 'குடிப்பதற்கு அல்ல' என்று போர்டு வைத்தேன். அதன் பிறகுதான் தொட்டியைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

அந்த யூனிட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முப்பது நாட்கள் நிற்காமல் ஓடிக் காட்டவேண்டும். ஓடினால் எங்கள் வளாகத்திலேயே இருக்கும், பெரிதாகவும் கட்டுவார்கள். நடுவில் உயிர்கள் செத்துப்போனால் மூட்டை கட்டவேண்டியதுதான். வேறொரு ஊர் வரிசையில் காத்திருந்தது. அந்த அம்மாவின் ஆறு வருட உழைப்பு அந்தத் தொட்டிக்குள் கலங்கிய மோர் நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களிடம் குப்போலா இரண்டு. ஒன்றைச் செப்பனிட நிறுத்தினால் மற்றது எரியும், ஆக வாயுவுக்குப் பஞ்சமே வராது என்று திட்ட அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பதினெட்டாம் நாள் காலை விஞ்ஞானி ஒரு காகிதத்தோடு என் அறைக்கு வந்தார். நான் அனுப்பிய சுற்றறிக்கை.

"சார், இதுல ரெண்டு குப்போலாவும் நிக்கும்னு போட்டிருக்கீங்களே."

"ஆமா. ஆயுத பூஜை."

"சரி. எம் பிள்ளைகளுக்கு யாரு சொல்லுவா?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வருடா வருடம் நானேதான் அந்தச் சுற்றறிக்கையை எழுதுகிறேன். பூஜைக்கு முந்தின நாள் மதியம் உலைகள் அணையும். கழுவித் துடைத்து, மறுநாள் பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி, அதற்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி நெருப்பு. போன வருடத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றியிருந்தேன். ஆக்ஸிஜனே இல்லாத காலத்து மரபில் வந்த உயிர் என்று அதைப் பற்றி அத்தனை பேரிடம் பிரசங்கம் செய்த நான், அது மூன்று வேளையும் சாப்பிடும் என்பதை யோசிக்கவில்லை.

"அறுபத்தாறு மணி நேரம். பட்டினி கெடந்தா அதுக செத்துரும்லா" என்றார்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாலு மணி நேரம். மிஞ்சினா அஞ்சு."

சிலிண்டர் கம்பெனியில் வாயு கேட்டோம். பூஜை முடிந்து வாருங்கள் என்றார்கள், அவர்களுடைய லாரிகளுக்கும் பூஜையாம். பையை நிரப்பி வைத்துக் கால் வயிற்றுக்கு ஊட்டினால் அறுபத்து நாலு மணி நேரம் வரும் என்று விஞ்ஞானி கணக்குப் போட்டார். ஆனால் பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது என்று ஒரு விதி. வெயிலில் வாயு விரியும், பை கிழிந்தால் நூறு பேருக்கு ஆபத்து. விதியை எழுதிய மகான் யார் என்று சொல்லவேண்டியதில்லை. விஞ்ஞானி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். விதியை மட்டும் தளர்த்தவில்லை. முக்கால் பை என்றால் விஜயதசமியன்று மதியம் பன்னிரண்டு மணியோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பதினெட்டு மணி நேரம் பட்டினி.

ஃபோர்மேனிடம் போய், ஒரு குப்போலாவை மட்டும் அணைக்காமல் விடமுடியுமா என்று கேட்டேன்.

"உங்க வூட்டு ஸ்கூட்டருக்கு அன்னிக்கு பொட்டு வெச்சி ஸ்டாண்டு போட்டு நிறுத்துவீங்க இல்ல?"

"நிறுத்துவேன்."

"அது ரெண்டு சக்கரம். இது எனக்கு சோறு போடற தெய்வம். வருசம் பூரா எரியுது சார். ஒரு நாளு கண்ண மூடக் கூடாதா?"

அருகில் கரி ஏற்றும் ஆபரேட்டர் நின்றிருந்தார். தண்டலத்துக்காரர், கழுத்தில் சிலுவை. "எனக்கு பூஜை கிடையாது சார், நா வரேன்" என்றார்.

"பூஜை கிடையாதாம். போன வருசம் பொரி மூணு பொட்டலம் தூக்கிகினு போனியே, அது யாரு?" என்றார் ஃபோர்மேன்.

"அது பசங்களுக்குண்ணே."

ஓர் ஆளை வைத்துக்கொண்டு உலையை எரிக்க முடியாது. பேச்சு அத்தோடு நின்றது.

பூஜையன்று காலை பை முக்கால் பலூனாக உப்பிக்கொண்டு வேலிக்குள் கிடந்தது. ஃபோர்மேன் தட்டோடு வந்தார். தொட்டியில் உள்ளே பார்ப்பதற்கென்று ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதன் நடுவே கேட்காமல் கொள்ளாமல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். சூடத்தை எடுத்தபோது நான் குறுக்கே பாய்ந்தேன்.

"முப்பது அடி தள்ளி."

"தூரத்துல நின்னு காட்டுனா சாமிக்குத் தெரியுமா சார்?"

"சாமிக்குக் கண் நல்லாத் தெரியும். எனக்குத்தான் கிட்டத்துல நெருப்பு ஆகாது."

முனகிக்கொண்டே முப்பது அடி தள்ளி நின்று காட்டினார். பிறகு பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது எப்ப தீரும்?"

"நாளைக்கு மத்தியானம்" என்றார் விஞ்ஞானி.

"அப்பால?"

அவர் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றிருந்தார். ஃபோர்மேன் தட்டைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு காலைல நாங்க ஆறு பேரு எப்பிடியும் வருவோம். விஜயதசமிக்கு புதுசா நெருப்பு தொட்டு வெக்கணும். வருசா வருசம் கொளுத்தி, தேங்கா ஒடச்சி, அணைச்சிட்டு வூட்டுக்குப் போறோம். இந்த வருசம் அணைக்காம வுட்டா இன்னா?"

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தேங்காயில் ஒரு மூடியை நான் வாங்கிப் போயிருக்கிறேன். துவையல் ஞாபகம் இருந்ததே தவிர நெருப்பு ஞாபகம் வரவில்லை.

"பூஜை?"

"அது இன்னியோட முடிஞ்சிரும். நாளைக்கு வேலைய தொடற நாளு. தொட்டா நல்லா தொடணும்."

மேலிடத்துக்குப் போன் செய்தேன். உருகும் இரும்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கட்டியாக ஊற்றி வைத்து மறுபடி உருக்கலாம் என்று ஃபோர்மேன் சொன்னதைச் சொன்னேன். "லீவு விட்டது நீங்க, நீங்களே பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டார்கள். என் உத்தியோக வாழ்வில் இதைவிடப் பெரிய சுதந்திரம் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் எட்டரைக்கு விறகு பற்றியது. கரிப் படுகை முழுதாகச் சிவக்க நாலு மணி நேரம். அதற்குப் பிறகுதான் காற்றடிக்கலாம். முதலில் வரும் புகையில் ஆக்ஸிஜன் கலந்திருக்கும், இந்த உயிர்களுக்கு அது விஷம். எங்களுக்கு மூச்சு அவற்றுக்கு நஞ்சு, எங்களுக்கு நஞ்சு அவற்றுக்குச் சோறு. இந்த வாக்கியத்தை அன்று யாரிடமாவது சொல்லிவிடத் துடித்தேன். கேட்கிற நிலையில் யாருமில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்பே பை தரையோடு படுத்துவிட்டது. விஞ்ஞானி தொட்டியின் சூட்டைக் குறைத்தார். குளிரில் பசி மெதுவாகும் என்றார். ஒரு மணி. இரண்டு மணி. ஆபரேட்டர் கரி ஏற்றிக்கொண்டே இருந்தார். வாயுவை அளக்கும் மானிட்டர் முன்னால் நான் நின்று, இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று கையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்றே கால் மணிக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்கியது. கை தூக்கினேன். வால்வு திறந்தது.

திரையில் இரண்டு கோடுகள். ஒன்று தொட்டிக்குள் போகும் வாயு, மற்றது தின்னாமல் மிஞ்சி வெளியே வருவது. இரண்டும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தால் உள்ளே உயிரில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் ஒன்றாகத்தான் போயின. இருபது நிமிடம். ஃபோர்மேன் முகத்தில் கரியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னாம்மா, துன்னலியா?"

"பசி அடைஞ்சிருக்கும்ணே. பொறுங்க" என்றார்.

பிறகு வெளியே வரும் வாயுவின் கோடு கொஞ்சம் கீழே வளைந்தது. என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மறுபடியும் வளைந்தது. இடைவெளி நகக்கண் அளவு, பிறகு விரல் அளவு.

"சாப்பிடுது" என்றார் அவர். "சார், சாப்பிடுது."

இந்த வாயுவைப் பார்த்தால் ஓடு என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்குச் சொன்னவன், அதை ஒருவர் வயிறாரச் சாப்பிடுகிறார் என்பதற்காக ஃபோர்மேனைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். பாதுகாப்புக் காலணியோடு குதிப்பது முழங்காலுக்கு நல்லதல்ல, மூன்று நாள் நொண்டினேன். ஆபரேட்டர் நேற்றைய பொரிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். விஞ்ஞானி இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டார்.

முப்பதாம் நாள் தாண்டியது. யூனிட் இங்கேயே இருக்கிறது, பக்கத்தில் பெரிய தொட்டிக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். பார்வைக் கண்ணாடி எப்போதும் துடைத்துச் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது விதி, நான் எழுதியதுதான். நடுவில் அந்தச் சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானி தலையைச் சாய்த்து ஓரமாக எட்டிப் பார்க்கிறார். மாதாமாதம் சோதனைக்குப் போகும் நான், 'கண்ணாடி: சுத்தம்' என்று எழுதிவிட்டு வருகிறேன்.