பாடாங் மேஹா போய்ச் சேரும்வரை முள் 120-ஐத் தொடக் கூடாது

விஜயதசமி அன்று நானும் என் மனைவி சரோவும் எங்கள் ஊரான மெர்கோங்கிலிருந்து பாடாங் மேஹாவுக்கு எங்கள் பழைய டீசல் வேனில் போனோம். என் மீட்டர் கணக்கில் ஒரு வழிக்கு 98 கிலோமீட்டர். சாதாரணமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வயதான டீசல் வண்டியோடு கெடா மாநிலத்துப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு இது உதவும். என்னைப் பார்த்துச் சிரிக்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

வேனுக்கு இருபத்தாறு வயது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டிருக்கிறேன். வேலை ஓய்வுக்குப் பிறகு இதிலேயே மலாய்த் தீபகற்பத்தைச் சுற்றி வர வேண்டும், கடலைப் பார்த்துக்கொண்டே தூங்கி எழ வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இந்த வருஷம் இரண்டு முறை என்ஜின் ஆயில் கொதித்து நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம். இரண்டாவது முறை நல்ல மழை. சரோ குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனம் தாங்காமல் நானே வாயை விட்டேன். "இன்னொரு தடவ ஆயில் கொதிச்சுச்சுன்னா சாவிய உன் தம்பிகிட்டயே குடுத்துடறேன். பஸ்ல திரும்பிடலாம்."

அவள் தம்பி மாணிக்கம் பாடாங் மேஹாவில் செம்பனைத் தோட்டக் குத்தகைக்காரன். ஆள் ஏற்றிப் போக இந்த வேனைக் கேட்டு ரொம்ப நாளாக நச்சரிக்கிறான். "சாவிய எப்ப மாமா தரீங்க?" என்பதுதான் அவன் எனக்குச் சொல்லும் வணக்கம்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் ஊரில் என்ஜின் ஆயிலை மின்யாக் ஹித்தாம் என்று மலாயில்தான் கேட்டு வாங்குவோம். 15W-40 ஏழு லிட்டரும் ஃபில்டரும் 180 ரிங்கிட். பழைய சாமான் கடையில் ஓர் ஆயில் கூலர் 250 ரிங்கிட். அதை முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், எதிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் பொருத்தினேன். ஆயில் சூட்டுக்குத் தனி மீட்டரும் வைத்தேன். வண்டியோடு வரும் மீட்டர் தண்ணீர்ச் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் முள் சமர்த்தாக நடுவில் நிற்கும், உள்ளே ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும். என் வண்டிக்கு 95-லிருந்து 105 டிகிரி வரை சுகம். 120-க்கு மேல் போனால் ஆயில் நீர்த்துப்போய் உள்ளே இரும்போடு இரும்பு உரச ஆரம்பித்துவிடும். நான் வாயை விட்டதற்கும் அதையே எல்லையாக வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஆயுத பூஜை. வேனைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தாள் சரோ. முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாழைக் கன்று, நடுவில் மஞ்சள் துணி, அதன்மேல் மாவிலைத் தோரணம், அதற்கும் மேல் இரட்டைச் சரத்தில் என் கை தடிமனுக்குச் செவ்வந்தி மாலை. "இந்த வருஷம் என்ன, இவ்வளவு பெரிய மாலை?" என்றேன். "சும்மா இருங்க," என்றாள். மாலை தானாக வாடி உதிரும்வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் மறுநாளும் வேன் கல்யாண மாப்பிள்ளை மாதிரியே நின்றது.

காலை 7.10-க்குக் கிளம்பினோம். அலோர் ஸ்டாரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், வயலுக்கு மேல் இடுப்பளவு பனி. வெள்ளைக் கொக்குகள் அந்தப் பனிக்குள் இறங்கிக் காணாமல் போயின. தெற்கே போகப் போக வலது பக்கம் ஜெராய் மலை வந்தது. அடிவாரமே தெரியவில்லை, மேகத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு எங்களோடு கூடவே வந்தது. நான் மணிக்கு 80-ல் போய்க்கொண்டிருந்தேன். என்ஜின் சீட்டுக்கு அடியில் ஒரே சுருதியில் முனகியது. இப்படியே குவாந்தான் கடற்கரை வரைக்கும் போய்விடலாம் போலிருந்தது. சரோவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். இவ்வளவு அழகையும் விட்டுவிட்டுத் தூங்குகிறாளே என்று எனக்குக் கடுப்பு.

குரூனில் ஆயில் முள் 109. ஏசியை அணைத்து வேகத்தை 70-க்குக் குறைத்தேன். 111. ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னலையும் இறக்கினோம். அனல் காற்றும் செவ்வந்தி வாசமும் கலந்து வேனுக்குள் சுற்றியது. சுங்கை பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது மணி 8.35, முள் 114. தண்ணீர் முள் மட்டும் அசையவே இல்லை. புது ஆயில், புது கூலர், அப்புறமும் என்ன கேடு? வண்டியைக் கேட்டேன், மீட்டரைக் கேட்டேன், சாமியையும் கேட்டேன். பதில் என் முகத்துக்கு நேரே மாலை போட்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சிடாம் கிரி சாலையில் மண் லோரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். 116. 117. 118. மாணிக்கத்தின் வீட்டுக்கு இன்னும் இருபத்து மூன்று கிலோமீட்டர் பாக்கி. சாலையோரத்தில் ஒரு ரொட்டிக் கடை தெரிந்தது, ஒதுக்கினேன். இப்படி நிற்கும்போது சட்டென்று என்ஜினை அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள்.

கடைக்காரர் ஒரு பாய், நாற்பது வயதிருக்கும். ரொட்டி தட்டிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே, பானாஸா?"

"ஆமா பாய். என்ன செஞ்சாலும் சூடு எறங்க மாட்டேங்குதுலா. போன வாரந்தான் புது கூலர் போட்டேன்."

"கூலர் எங்கண்ணே இருக்கு?"

"முன்னாலதான், கிரில்லுக்குப் பின்னாடி."

பாய் வேனின் முன்னால் போய் நின்றார். மாலையை நோக்கிக் கையை நீட்டியவர் ஒரு சாண் தள்ளியே நிறுத்திக்கொண்டு சரோவைப் பார்த்தார். "அக்கா, நான் தொடலாமா?" அவள் தலையாட்டினாள். இரண்டே விரலால் மாலையின் கீழ் ஓரத்தைத் தூக்கினார். ஈரத் துணியும் மாவிலையும் கிரில்லோடு அப்பிக்கிடந்தன. கூலரின் தகட்டு இடுக்கெல்லாம் செவ்வந்தி இதழ்.

"அண்ணே, மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடு ஓடுன்னா எப்படிலா ஓடும்?"

ஐயோ, எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. தொழிற்சாலைப் பராமரிப்புப் பகுதியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கப் போனேன். சரோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதீங்க. வேண்டிக்கிட்டுக் கட்டுனது."

"என்னன்னு வேண்டுன?"

"வேன் கைய விட்டுப் போகக் கூடாதுன்னுதான். வேற என்ன?"

"நீ இத உன் தம்பிகிட்ட குடுக்கணும்னுதானே இருந்த?"

"நான் எப்போங்க சொன்னேன்? சாவியக் குடுக்கறேன்னு வாய விட்டது நீங்க. அந்த மெத்தைக்கு உறை தெச்சது யாரு? ஒங்கம்மாவா?" அவள் கண் கலங்கியிருந்தது.

பாய் உள்ளே போய் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றோடு திரும்பினார். "தூக்கி எறியச் சொல்லலக்கா. மேல கேரியர்ல கட்டிடுங்க. மாலையும் கைய விட்டுப் போகாது, ஆயிலுக்கும் காத்து வரும்." சரோ கீழே ஒரு பூகூட விழாமல் அவிழ்த்துக் கொடுக்க, நாங்கள் இருவரும் கூரைமேல் கட்டினோம். இதழ்களை ஒரு பழைய பல்துலக்கியால் எடுத்தேன். இரண்டு ரொட்டி, இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ, 7 ரிங்கிட் 60 காசு. கயிற்றுக்குப் பாய் காசு வாங்கவில்லை.

9.30-க்குக் கிளம்பினோம். சாலை ரப்பர் மரங்களுக்குள் நுழைந்தது. வெயில் இலைகளின் வழியே சில்லறை சில்லறையாய் விழுந்தது. முள் 110-ல் இருந்து 105-க்கு இறங்கியது, அப்புறம் 101. அதற்கப்புறம் 98-ல் நின்றுவிட்டது. மேலிருந்து அவ்வப்போது ஓர் இதழ் கண்ணாடிமேல் விழுந்து பறந்தது.

10.10-க்குப் பாடாங் மேஹா. மாணிக்கம் வாசலிலேயே கையை நீட்டினான். "சாவிய எப்ப மாமா தரீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் சரோ இறங்கிவிட்டாள். "கையக் கீழ போடுடா. ஒங்கக்கா அடுத்த மாசம் இந்த வேன்லதான் குவாந்தான் போறா."

வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பத்து மணிக்கு முன்பே பாதி வழியைத் தாண்டிவிடுங்கள், வெயில் ஏறினால் ஆயிலும் ஏறும். மேட்டில் உயர்ந்த கியரில் திணறவிடாமல் ஒரு கியர் இறக்குங்கள். ஆயில் அளவை என்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். போகவர டீசல் 70 ரிங்கிட் ஆனது, டோல் தனி. பூஜை மாலையைக் கிரில்லில் கட்டாதீர்கள், கூரையில் கட்டுங்கள்.

முள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். பக்கத்து சீட்டையும் பாருங்கள். திரும்பி வரும்போதுதான் சரோ சொன்னாள், குரூன் வரைக்கும் அவள் தூங்கவே இல்லையாம். கண்ணை மூடி வேண்டிக்கொண்டே வந்தாளாம்.