பிடுங்காமல் விட்ட பல்

எழுபதுகளின் நடுவில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னை வளர்த்தாள்.

ஒருநாள் வகுப்பில் டீச்சர், வாயில் இருக்கும் மிட்டாயைத் துப்பிவிட்டு வா என்றார். என் வாயில் எதுவுமே இல்லை. நம்பாமல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர், என்னை உட்காரச் சொல்லிவிட்டார். வலது கன்னம் வீங்கியிருந்தது. வலி இல்லாததால் நானும் கவனிக்கவில்லை, அம்மாவும் கவனிக்கவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் பொன்னுக்குவீங்கி என்று மருந்து கொடுத்தார். இரண்டு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆளுக்கொன்று பேசினார்கள், புற்றுநோய் என்றுகூடச் சொன்னார்கள். அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டு வழியாக மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முளைக்க வேண்டிய பல் ஒன்று தாடை எலும்புக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. அதன் தலையைச் சுற்றி நீர் கோத்த ஒரு பை. புற்றுநோய் இல்லை, ஆனால் பை பெரிதாகப் பெரிதாக எலும்பை அரித்துவிடும் என்றார் டாக்டர். பையோடு பல்லையும் எடுத்துவிடலாம் என்று சீட்டு எழுத ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர், சின்னப் பிள்ளைதானே, பையில் ஒரு வாசல் மட்டும் வெட்டிவிட்டால் அது சுருங்கி, பல் தானாக மேலே வருமே என்று கேட்டார். பெரிய டாக்டர் தலை நிமிராமலே, "அதுக்கு தினமும் கழுவணும், மாசாமாசம் வரணும். எஸ்டேட்காரங்க, பாவம், திரும்ப வர மாட்டாங்க" என்றார்.

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அம்மா ஒரு அடி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, வருவோமா மாட்டோமான்னு எங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையே. ஒரு மாசம் தவறினா அப்பப் பிடுங்கிக்கிடுங்க."

குரலை உயர்த்தவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

மேலே இருந்த பால் பல்லை எடுத்து, பையில் வாசல் வெட்டி, மருந்து தோய்த்த துணித் திரியை அடைத்து அனுப்பினார்கள். திரியை எடுத்த பிறகு, ஊசி மாட்டாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் ஏற்றி, தினமும் கண்ணாடி முன் நின்று நானே அந்தக் குழியைக் கழுவினேன். நாற்றம் தாங்காமல் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் என் இடத்தை விட்டு நகரவில்லை. மாதம் தவறாமல் இரண்டு நாள் லீவா என்று கங்காணி அதட்டினார். லீவு கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றாள் அம்மா.

ஒரு மழை மாதம் மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் போகலாம் என்றார். நாங்கள் இறங்கி, முழங்கால் வரை சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் நின்ற லாரியில் ஏறிப் போடிக்குப் போனோம். மறுநாள் காலை, காய்ந்த சேறோடு மதுரை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம்.

அன்று டாக்டர் என் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். குழியின் அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரிகிறது என்றார். பிறகு பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டி, "நான் இதைப் பிடுங்க இருந்தேன். இனிமே கேக்காம முடிவு பண்ணாதீங்க" என்றார். அடுத்த சில மாதங்களில் பல் முழுசாக முளைத்து வரிசையில் வந்து நின்றது.

அந்த டாக்டர் நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எங்களைப் போன்றவர்களால் எது முடியாது என்று யாராவது இரக்கத்தோடு முடிவு செய்யும்போது, இன்றைக்கும் எனக்கு நன்றி வருவதில்லை, கோபம்தான் வருகிறது; அந்தக் கோபத்தை விட்டுவிட எனக்கு மனமும் இல்லை.