லம்பர்ட்டின் கால் எந்த மாவட்டம்?

ஆர்டித் பெஷேக்கை மெரிடன் மாவட்டத்தில் பலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்களும் உடம்புக்கு ஒன்று என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். நெப்ராஸ்காவில் அப்போது அதுதான் முறை. கையில் காசில்லாதவன் படுத்துவிட்டால், வேறு நாதியும் இல்லையென்றால், அவன் குடியிருக்கும் மாவட்டம்தான் வைத்தியம் பார்த்தாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் இருந்த ஆர்டித்தின் தலையில்.

உதவி கேட்டு வருகிறவர்கள் கூனிக் குறுகி நின்றால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். "நிமிந்து உக்காருங்க. இத்தன வருசம் வரி கட்டுனீங்கல்ல? நான் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தயா குடுக்கறேன்?" என்பாள். அழுகிறவர்களுக்குக் காபி கொடுப்பாள். காபி வாயில் வைக்க விளங்காது. ஆனால் அழுகை நின்றுவிடும்.

மாடியில் மாவட்டக் குழு. மூன்று விவசாயிகள். தலைவர் எமில் கிரிவானெக், செலவு என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். வைத்தியச் செலவெல்லாம் அவர்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் மட்டும் ஆர்டித்தே சரி சொல்லிவிடலாம். பிறகு கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

எழுபத்து நான்காம் வருடம் வசந்தத்தில் லம்பர்ட் விழுந்தார். பக்கத்துக் கேட்லின் மாவட்டப் பண்ணைகளில் ஆயுள் முழுக்கப் பால் கறந்தவர். ஒண்டிக்கட்டை. குடியிருப்பு, வண்டியில் கட்டி இழுக்கிற மாதிரி ஒரு பழைய சக்கர வீடு. சனிக்கிழமை போல்கா ஆட்டத்தில் மட்டும் அவர் ராஜா. எங்கள் ஆண்கள் பீரும் கையுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பெண்டாட்டிமார்களெல்லாம் லம்பர்ட்டோடு ஆட வரிசையில் நிற்பார்கள். அந்தக் காலில்தான் சர்க்கரைப் புண் வந்து கருக்கத் தொடங்கியிருந்தது.

ஓய்வூதிய வயது ஆகவில்லை, பிள்ளைகுட்டி இல்லை. மேலே இருக்கும் அரசாங்கம் எதுவும் அவரை ஏற்காது. மாவட்டம்தான் கதி. கேட்லின்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் உள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், சேற்றுக்குட்டையைச் சுற்றிச் சாலை வளைகிறதே, அந்த இடத்தில் அவருடைய வீட்டை டிராக்டரில் கட்டிச் சாலைக்கு மேற்கே இழுத்து நிறுத்திவிட்டார்கள். சாலைதான் எல்லை. மேற்கே வந்துவிட்டால் அவர் மெரிடன்காரர்! ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிற பெரிய மனிதர்கள் செய்த வேலை இது. வெட்கக்கேடு.

எமில் கொதித்துப்போனார். "நம்ம தலையில கட்டப் பாக்கறானுங்களா? எங்கிட்டயும் டிராக்டர் இருக்கு. நாளைக்கே திருப்பி இழுத்து விடறேன்!"

"இழுங்க. வீட்டுக்கு ஊர் சுத்திப் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள் ஆர்டித்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வெசெலி போன் செய்தார். "ஆர்டித், லம்பர்ட்டுக்கு ரத்தக்குழாய்ல அடைப்பு. நகரத்துக்கு அனுப்பி அறுத்துச் சரி பண்ணினா கால் தப்பும். எந்த மாவட்டம் பொறுப்புன்னு சொன்னாத்தான் அங்க சேத்துப்பாங்களாம். ரெண்டு நாள் தாண்டினா முழங்காலுக்குக் கீழ எடுத்துற வேண்டியதுதான்."

குழு கூட இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆர்டித் ஜன்னலைப் பார்த்தாள். நிலவறை ஜன்னலில் தெரிவதெல்லாம் போகிற வருகிறவர்களின் கால்கள்தான்.

"மெரிடன்னு சொல்லுங்க. அனுப்புங்க" என்றாள்.

கூட்டத்தன்று மாடியே அதிர்ந்தது. "யாரக் கேட்டு ஒத்துக்கிட்டே? இனி கேட்லின்ல இருக்கற நோயாளிங்க வீட்டயெல்லாம் இழுத்துட்டு வந்து நிறுத்துவான்" என்று கத்தினார் உறுப்பினர் ஒருவர். எமில் கையை உயர்த்தி அடக்கினார். "ஆர்டித், ஒண்ணே ஒண்ணு. அந்த வீடு இப்ப எங்க நிக்குது?"

"சாலைக்கு மேக்கால."

எமில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துவிட்டால் செலவு லம்பர்ட் தலையில் விழும், அவள் வேலையும் போகும். முதலில் எமிலின் கைதான் உயர்ந்தது. செலவை மெரிடனே ஏற்கும் தீர்மானம் இரண்டுக்கு ஒன்றில் நிறைவேறியது.

படியிறங்கும்போது எமில் பின்னாலேயே வந்தார். "சாலைதான் எல்லைன்னு எல்லாரும் நெனக்கறாங்க. ஆனா அந்தக் குட்டைகிட்ட சாலை கிழக்கால வளையுது. எல்லை வளையல, நேராத்தான் போகுது. இழுத்துட்டு வந்து நிறுத்தினானே, அதுவும் கேட்லின் மண்ணுதான். அங்க எங்கப்பா உழுதிருக்காரு. ஒனக்கும் தெரியும். நீ அந்த வளைவுல பொறந்தவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் வாயத் தொறந்திருந்தா ரெண்டு மாவட்டமும் வக்கீல் வச்சு ஒரு வருசம் சண்ட போட்டிருக்கும். அந்தக் கால் ரெண்டு நாள்கூடத் தாங்காது எமில்." படியிலேயே நின்றாள். "நீங்க ஏன் கூட்டத்துல சொல்லல?"

"சொல்லிருந்தா ஒன்ன வேலய விட்டுத் தூக்கணும். அப்புறம் அந்தக் கொதிகலன் பக்கத்துல எவன் உக்காருவான்? நானா?" என்று உறுமிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் எமில் ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கேட்ட செலவுகளைக் கிள்ளிக் குறைத்துக்கொண்டுதான் இருந்தார்; அவளும் சளைக்காமல் மல்லுக்கு நின்றாள். மனிதர்கள் ஒரே நாளில் மாறிவிடுவார்களா என்ன?

அறுவடை முடிந்த சனிக்கிழமை, போல்கா ஆடும் மன்றத்தில் அக்கார்டியன் முழங்கியது. லம்பர்ட் கைத்தடியோடு வந்து, அதை நாற்காலியில் சாத்திவிட்டு, முதல் ஆட்டத்துக்கு எமிலின் மனைவி லிபுஷேயை அழைத்தார். கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் ஆடினார். ஆனாலும் ஆடினார். ஆர்டித் கொலாச் என்கிற பழம் வைத்த இனிப்பு ரொட்டித் தட்டோடு சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது கேட்லின் குழு உறுப்பினர் ஒருவர் பீரோடு, அதே சுவரோரம் நின்றிருந்த எமிலின் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க லம்பர்ட் பிரமாதமா ஆடறாரு, பாத்தீங்களா?"

எமில் திரும்பக்கூட இல்லை. "ஆள் ஒங்க ஆளா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "காலு எங்களோடது."