ஒன்றரை மணி அம்பு

ஹோரிகோமே சனாயே, தான் செய்யாத ஒரு தப்புக்கு மூன்று பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அந்தத் தப்பைச் செய்தது நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எங்கள் சுபாமே ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் எழுதியே ஆகவேண்டியவள் நான் ஒருத்திதான்.

அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. அதில் இருபத்திரண்டு வருஷம் ஒரு கரண்டித் தொழிற்சாலையின் பரிசோதனை மேஜையில் போயிற்று. கீறல் இருந்தால் இடதுபக்கப் பெட்டி, இல்லாவிட்டால் வலதுபக்கப் பெட்டி. "என் மூஞ்சிய நான் அதிகமாப் பாத்தது கரண்டியில, தலைகீழாத்தான். கண்ணாடியில நேராப் பாத்தா யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கு" என்பார். வேலைக்காக நீகாட்டா நகரத்துக்குப் போன கணவர் அங்கேயே தங்கிவிட்டார். அதைப் பற்றி அவர் சொன்னதும் அவ்வளவுதான். பிறகு ஆறு வருஷம், மகளின் பெயரே மறந்துபோன தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மா போனார், தொழிற்சாலையும் மூடியது. அந்த வசந்தத்தில் நகராட்சியின் மாத இதழில் ஒரு சின்னக் கட்டம் அவர் கண்ணில் பட்டது. வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உதவியாளர்கள் தேவை, பயிற்சி தரப்படும்.

பயிற்சியில் மற்றவர்கள் எல்லாம் அவர் வயதில் பாதி. ரப்பர் குழந்தையின் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தி உயிர் கொடுக்கும் பாடத்தில், ஒவ்வொரு அழுத்தலுக்கும் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே அழுத்தியிருக்கிறார். எண்ணிக்கை விட்டுப்போகிறது, மன்னிப்பை மனசுக்குள் கேளுங்கள் என்றாராம் பயிற்சியாளர். வகுப்பு முடிந்து இரண்டு நாள் ஒரு காப்பகத்தில் மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சான்றிதழோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மா குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். தனியாளாக என்றால் மூன்று குழந்தைகள்தான். பயிற்சி பெற்ற உதவியாளர் இருந்தால் ஐந்து வரை போகலாம். ஹோரிகோமே சான் (மரியாதையாக நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்ததால்தான் ரிஹோவும், குளிர்கால ஆரம்பத்தில் ஏழு மாசத் தோமோகியும் வந்தார்கள். நான் மாடியில் இருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு இப்போது அஞ்சல்வழியில் படிக்கிறேன், அதாவது படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் அவர்கள் அறையின் நிலைப்படியைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. நான் பயிற்சி பெறாதவள்.

அதனால் தாண்டாமலே என்ன செய்யலாம் என்று யோசிப்பேன். ஒருநாள் ஹோரிகோமே சானின் வீட்டுச்செருப்பை இரண்டு இடதுகால் செருப்பாக மாற்றிவைத்தேன். நாள் முழுக்க அதையே போட்டுக்கொண்டு நடந்தார். சாயங்காலம் போகும்போது, "இடதுபக்கமாவே போயிட்டிருந்தேன், வழியில உன் பள்ளிக்கூடத்தப் பாத்தேன். உன்ன விசாரிச்சாங்க" என்றார்.

எல்லா நாளும் இப்படித்தான்.

"மினோ ச்சான், காலை வணக்கம். மணி பன்னெண்டே கால்" என்பார், நான் படியிறங்கி வரும்போது.

"இன்னிக்கு சீக்கிரமே எழுந்துட்டேன்."

"ஆமாமா, நேத்து ஒரு மணி. இப்படியே போனா அடுத்த மாசம் காலை வெயிலையே பாத்துடுவே."

ஒருநாளாவது இந்த மனுஷி பிசகுவதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் பிசகவே மாட்டார். அதிலும் குழந்தைகள் தூங்கும் நேரத்தில். ஒரு வயசுக்குக் கீழே என்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் பக்கத்தில் போய்க் குனியவேண்டும். மூச்சைக் கேட்டு, உதட்டின் நிறம் பார்த்து, உடம்பில் கை வைத்துவிட்டு, தூக்க அட்டவணையில் அந்த நேரத்துக்கு நேரே ஒரு அம்பு போடவேண்டும். மல்லாந்திருந்தால் மேல்நோக்கி, ஒருக்களித்திருந்தால் அந்தப் பக்கமாக. குப்புறப் புரண்டிருந்தால் திருப்பிப் போட்டுவிட்டு அதையும் எழுதவேண்டும். அவர் அம்புகளைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

குழந்தையின் தோலைக் கீறிவிடும் என்பதால் கைக்கடிகாரம் கூடாது. கைப்பேசி அலமாரிக்குள். மணியடிக்கும் கருவி வைத்தால் தோமோகி விழித்துக்கொள்வான். சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கே அவனுக்கு ஆகவில்லை என்று அதை நடைவழிக்கு மாற்றிவிட்டு, இழுகதவை ஒரு கையகலம் திறந்துவைத்து அந்த இடைவெளி வழியாக மணி பார்ப்பார். நடைவழி என்பது நிலைப்படிக்கு இந்தப் பக்கம். என் எல்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவும் ஹோரிகோமே சானும் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவைத்தேன். பத்து நிமிஷம் முன்னதாகவே குழந்தைகளை எழுப்பிவிட்டு, தின்பண்டம் ஏன் தயாராகவில்லை என்று அவர் அம்மாவைப் பார்த்து முழிக்கவேண்டும். திட்டம் அவ்வளவுதான். படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வாசல் மணி அடித்தது. அம்மா போய்த் திறந்தார்.

"நகராட்சிக் குழந்தைப் பராமரிப்புப் பிரிவிலேருந்து உசுய். முன்கூட்டிச் சொல்லாம வந்ததுக்கு மன்னிக்கணும்."

சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வேலை. அதற்கு ஒவ்வொரு தடவையும் மன்னிப்பும் கேட்பார்கள். தப்பான கடிகாரத்தைப் பார்த்தால் அம்மாவுக்குத் திட்டு விழும் என்று பயந்துவிட்டேன். உசுய் சான் மேலங்கியில் இருந்த பனியைத் தட்டி முடிப்பதற்குள் ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னால் திருப்பிவிட்டு, பழையபடி படியில் வந்து உட்கார்ந்தேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

உசுய் சான் அறையின் சூடு, ஈரப்பதம் எல்லாம் குறித்துக்கொண்டு தூக்க அட்டவணையைக் கையில் எடுத்தார். தன் பையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஹோரிகோமே சான், இப்ப மணி என்ன?"

ஹோரிகோமே சான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணு இருபத்திரண்டு."

"தோமோகிக்குக் கடைசியா போட்ட அம்பு எத்தனை மணிக்கு?"

"ஒன்றரை."

"எப்பப் போட்டீங்க?"

"ஒன்றரைக்கு." மறுபடி கதவிடுக்கைப் பார்த்தார். "ஒன்றரைக்குத்தான் போட்டேன்னு நெனச்சேன்."

வரப்போகிற நேரத்துக்கு முன்கூட்டியே அம்பு போட்டுவைப்பது இந்த வேலையில் திருட்டுக்குச் சமம். உசுய் சான் கத்தவில்லை. "பாக்காமப் போட்ட அம்பு ஒண்ணு இருந்தாலும் அந்தத் தாள் முழுக்க வீண்தானே" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா தலைகுனிந்து நின்றார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. ஏழாவது படியில், வாயில் ஆரஞ்சுச் சுளையோடு உட்கார்ந்திருந்தேன். சுளையை விழுங்கினேன். வாக்கியத்தையும்.

அடுத்த வாரம் விசாரணை, அதுவரை ஹோரிகோமே சானை உதவியாளராகக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றார்கள். ரிஹோவும் தோமோகியும் ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு காப்பகத்துக்குப் போனார்கள். நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்கும் கடிதம் ஒன்றை ஹோரிகோமே சான் கொடுக்கவேண்டும். அதை வைத்துத்தான் அவர் இந்த வேலையில் இருப்பதா போவதா என்பது முடிவாகும். 'நாளைக்குச் சொல்லிவிடலாம்' என்று நான் ஆறு நாள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார். "ஹோரிகோமே சான் ஞாபகமறதி டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்காங்களாம். அவங்க அம்மாவுக்கும் இப்படி மணி குழம்பித்தான் ஆரம்பிச்சுதாம்."

மிசோ சூப் கிண்ணத்தை நான் வைக்கிற இடம் தெரியாமல் வைத்தேன்.

மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அம்மாவின் முத்திரை வேண்டும். கூடவே தன் ஏப்ரனைத் துவைத்துத் தேய்த்து மடித்து எடுத்து வந்திருந்தார். அம்மா குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்ததால் வாசலுக்கு நான் போனேன்.

"நீயா. பரவால்ல, இதுல எழுத்துப்பிழை இருக்கா பாரு."

"பள்ளிக்கூடத்த விட்டவகிட்டயா?"

"அங்க படிச்சவரைக்கும் பாரு."

தூரிகைப் பேனாவால் எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'நேரம் ஆகுமுன்பே அம்பு போட்டது எனக்கு நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பதே பெரிய குற்றம். என் கண்ணையும் மனத்தையும் இனி ஒரு குழந்தையின் பக்கத்தில் நம்பி வைக்கக்கூடாது என்று கருதி, விலகிக்கொள்ள அனுமதி கோருகிறேன்.'

"பிழை இருக்கு" என்றேன்.

"எங்க?"

"எல்லாமே. கடிகாரத்த நான்தான் தள்ளிவச்சேன். பத்து நிமிஷம். அவங்க வந்ததும் திரும்பச் சரியா வச்சுட்டேன்."

அவர் ஒரு காலணியைக் கழற்றியிருந்தார், மற்றது காலில் இருந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அப்ப என் தலை நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். திட்டுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று காத்திருந்தேன். அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"கடைசி அம்பு போட்டப்ப நிஜமா மணி ஒண்ணு இருபது. அடுத்தது தாள்ல ஒண்ணு முப்பத்தஞ்சு. கடிகாரம் இருபத்திரண்டு காட்டுது, நான் முப்பத்தஞ்சுக்காகக் காத்துட்டு நிக்கறேன்." விரல் நின்றது. "பதினஞ்சு நிமிஷம், மினோ ச்சான்."

எனக்குப் புரியவில்லை.

"பதினஞ்சு நிமிஷம் அந்தக் குழந்தைமேல யார் கையும் படல. மூணு பெரியவங்க அவன் தலைமாட்டுல நின்னுக்கிட்டு ஒரு தாளப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"அவனுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகலைங்கறது நீ செஞ்ச காரியமா?"

ஆறு நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த தப்பு வேறு. ஒரு மனுஷியின் வேலையைப் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். அதற்கு அடியில் இது இருந்தது, நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேச்சு கேட்டு அம்மா வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் பிடரியில் கை வைத்துத் தலையை ஹோரிகோமே சான் முன்னால் தரைவரைக்கும் அழுத்தி, தானும் பக்கத்தில் அப்படியே குனிந்தார்.

"போதும், எழுந்திருங்க. காயிதத்த மறுபடி எழுதணும்" என்றார் ஹோரிகோமே சான்.

"நீங்க எதுக்கு எழுதணும்? நீங்கதான் தப்பே செய்யலையே" என்றேன்.

"செஞ்சேன். மணி புரியலேன்னா அவன்மேல கை வச்சிருக்கணும். நான் கடிகாரத்தையே பாத்துட்டு நின்னேன்."

விசாரணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சொன்னதை உசுய் சான் எழுதிக்கொண்டார். முன்கூட்டி அம்பு போட்டதாக இருந்த குறிப்பை நீக்கினார். அந்தப் பதினைந்து நிமிஷத்தைச் சேர்த்தார். "நானும் அங்கதான் நின்னேன்" என்று சொல்லித் தன் பெயரையும் அதற்குக் கீழே எழுதிக்கொண்டார். ஹோரிகோமே சான் இரண்டு நாள் பயிற்சியை மறுபடி முடித்துவிட்டு மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார். அதே வீட்டில் இருப்பவள் என்று எனக்கும் அரைநாள் வகுப்பு. ஹோரிகோமே சான் முன்போலவே என்னைக் கிண்டல் செய்கிறார். நான்தான் திருப்பிக் கொடுக்கும்போது தடுமாறுகிறேன்.

ரிஹோ திரும்பி வந்தாள். தோமோகி வரவில்லை. அரிசி ரொட்டிப் பெட்டியோடு நாங்கள் மூவரும் அவன் வீட்டு வாசலில் போய்க் குனிந்து நின்றோம். அவன் அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார். "அவன் அந்த எடத்துக்குப் பழகிட்டான்" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் தோமோகியின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். காய்கறி வரிசையில் எனக்கு முன்னால், தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தார். தோமோகி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சுவரை போர்வை. நான் வணக்கம் சொல்லவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது.

"என்ன பாக்கறே?" என்றார் அவர், திரும்பி.

"ஒண்ணுமில்ல" என்றேன். பிறகுதான் வணக்கம் சொன்னேன்.