செடி எகிறி வந்து கடிச்சிடுமா?

போன வருடம் கோடையில், இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற லைன் வீட்டில் நடந்தது இது. எல்லா போர்ஷனுக்கும் பொதுவாக ஒரே நடை. வீட்டு ஓனர் அக்காவுக்குச் செடி என்றால் உயிர். பெரிய பச்சை இலையில் வெள்ளைத் திட்டு போட்ட ஒரு செடியைத் தொட்டியோடு வாங்கி வந்து, சரியாக எங்கள் வாசலில் வைத்தார். என் மகள் அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும்.

"அக்கா, இந்த இலை விஷம்னு சொல்லுதாங்க. மாடிக்கு மாத்திருங்களேன்" என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"செடி இன்னாமா, எகிறி வந்து உன் புள்ளைய கடிச்சிடுமா?" என்றார். மாடி வெயிலில் கருகிவிடுமாம். கணவரிடம் சொன்னால், வேறு வீடு கிடைப்பது கஷ்டம், ஓனரோடு மல்லுக்கு நிற்காதே என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை வைத்துப் பார்த்தேன். நடக்க இடைஞ்சல் என்று யாரோ அதையும் எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டார்கள்.

ஒரு மதியம் கொடியில் துணி எடுத்துவிட்டுத் திரும்புகிறேன், தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் கடித்த இலை, வாயெல்லாம் எச்சில். அழ முயல்கிறாள், சத்தமே வரவில்லை. உதடும் நாக்கும் வீங்கிக்கொண்டிருந்தன. ஈரத்துணியால் வாயைத் துடைப்பதற்குள் நடை முழுக்க ஆட்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை என்றார் ஒருவர். மோர் கொடு என்றார் இன்னொருவர். ஓனர் அக்காவோ, எறும்பு கடித்திருக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கணவரின் போன் கம்பெனி லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. யார் சொன்னதையும் நான் கொடுக்கவில்லை. மிச்ச இலையைக் கவரில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன்.

இலையைப் பார்த்ததுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. வாந்தி எடுக்க வைக்காதது நல்லது, இல்லாவிட்டால் அந்தச் சாறு தொண்டையை இன்னொரு தடவை புண்ணாக்கியிருக்கும் என்றார். மூச்சு சீராக இருக்கிறதா என்று சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் மெல்ல வடிந்து, அவள் வாய்விட்டு அழுதபோதுதான் எனக்கு உயிர் வந்தது. கிளம்பும்போது, வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள், அதைக் கடித்தாலும் இப்படித்தான் எரியும் என்றார். எங்கள் டிவி பக்கத்தில் பாட்டிலில் அதை ஆசையாக வளர்ப்பவளே நான்தான்!

வீட்டுக்கு வந்தால் வாசலில் தொட்டி இல்லை. பரவாயில்லையே என்று நினைத்து முடிக்கவில்லை, எதிர் போர்ஷன் வாசலில் இருந்தது. அங்கே ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறார்கள்.

"உன் வாசல்லேர்ந்துதான் எடுத்துட்டேனேமா, இன்னும் இன்னா?" என்றார் அக்கா.

வேலை முடிந்து வந்திருந்த கணவர் கையில் பிள்ளையைக் கொடுத்தேன். தொட்டியை நானே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் வைத்தேன். என் மணி பிளான்டையும் அங்கேயே வைத்து, மாடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அக்கா பல நாள் என்னிடம் பேசவில்லை. செடி கருகவும் இல்லை.

செடி வளர்ப்பதை நான் விடவில்லை. ஆனால் இன்றைக்கும் நர்சரியில் எதைக் கையில் எடுத்தாலும், பூ என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால், இதைப் பிள்ளை கடித்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறேன், கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.