பதினைந்துக்குப் பதினைந்து

என் அக்கா கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அத்தானிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவர்களிடமிருந்து தப்பித்தவர்கள். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தனக்கென்று வைத்த பிரேக்கை மிதித்து மிதித்து, வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சாப்பிடும்போது அக்கா குரலை உயர்த்தினாலும் மேசைக்கடியில் தொப்பென்று ஒரு பிரேக் விழும்.

பரீட்சை என்று வந்துவிட்டால் ஆளைத் தேறவைத்துவிட வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவே வினையாகப் போனது.

அவர் மகளுக்குப் பதினைந்து வயது. ஒரு வருடமாக, அடுத்த அறையிலிருந்து யாரோ தன்னைக் கூப்பிடுவதுபோல் அவளுக்குக் கேட்கிறது. வகுப்பே தன்னைப் பற்றித்தான் பேசுகிறதோ என்று சந்தேகம். தண்ணீர் எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். "நோய் வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. வரலாம், வராமலும் போகலாம். கூடவே இருந்து கவனிப்போம்," என்றார் டாக்டர்.

அத்தான் கவனித்த லட்சணம் இது: அவள் வந்து, "அப்பா, கூப்பிட்டீங்களா?" என்றால், பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று, "ஆமாம்மா, என் கண்ணாடிய எடுத்துட்டு வா," என்பார். கண்ணாடி மூக்கில் இருக்கும்.

மருத்துவமனையில் ஞாபகத்துக்கு ஒரு சோதனை வைத்தார்கள். சோதனை எடுக்கும் அம்மா பதினைந்து சொற்களைப் படிப்பார். கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். ஐந்து முறை படித்தும் அவளுக்கு ஆறுதான் நின்றது. அதை வைத்துத்தான் பள்ளித் தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், புதன்கிழமைதோறும் அங்கே ஓர் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசுவதற்கும் ஞாபகப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார்கள். அத்தான் காதில் விழுந்ததோ 'பதினைந்துக்கு ஆறு' மட்டும். ஃபெயில்!

சோதனையின்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தான், அந்தச் சொற்களை ஒன்றுவிடாமல் ஒரு லைசென்ஸ் விண்ணப்பத்தின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். ஆறு மாதம் காரிலேயே உருப்போட வைத்தார். முதல் கியரில் வாளி, கிளி, சன்னல். இரண்டாவதில் பூட்டு, மேகம், சீப்பு. பின்னிருக்கையில் மகள் ஒப்பிக்க ஒப்பிக்க, ஓட்டப் பழக வந்த தபால்காரருக்கும் மனப்பாடமாகிவிட்டது. லைசென்ஸ் அதிகாரி "ரெண்டாவது கியர் போடுங்க" என்றதும் அவர் "பூட்டு, மேகம்" என்றாராம்.

அடுத்த சோதனைக்கு நானும் போயிருந்தேன். பட்டியலை மாற்றாமல் அதையே படித்தார்கள். பதினைந்துக்குப் பதினைந்து! அந்த அம்மா பூரித்துப்போனார். "நல்லா தேறிட்டா. இனிமே கூடுதல் நேரமெல்லாம் வேண்டாம். புதன்கிழமையும் வர வேண்டியதில்ல, அந்த இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துடறோம்."

அத்தான் தனக்கே லைசென்ஸ் கிடைத்ததுபோல் நடந்தார். நடைவழியில் மகள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, புதன்கிழமை இல்லன்னா நான் யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லேன்மா."

"உங்ககிட்ட சொன்னா கண்ணாடி கேப்பீங்க."

விழுந்தது பிரேக். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரைக் கிண்டல் செய்தே பழகிய நான், அன்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அத்தான் வந்த வழியே திரும்பிப் போய், சொற்களை எழுதிய அந்த விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். "மேடம், காப்பி அடிச்சது நான். பிள்ளை மேல தப்பில்ல. புதன்கிழமைய மட்டும் எடுத்துடாதீங்க."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறொரு பட்டியலை எடுத்தார். "நீங்களும் உக்காருங்க," என்றார். மகளுக்கு ஏழு. அத்தானுக்கு ஐந்து, ஆறாவதாக வாளி என்றார், அது இந்தப் பட்டியலிலேயே இல்லை. புதன்கிழமை தப்பியது.

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் அறையிலிருந்து வந்தாள்.

"அப்பா, கூப்பிட்டீங்களா?"

அத்தானின் கால் தரையில் துடித்தது. மிதிக்கவில்லை.

"இல்லம்மா. நான் கூப்பிடல."

"அப்போ இத்தன நாளா?"

"ஒரு நாளும் கூப்பிடல, கண்ணு. பொய் சொல்லிட்டேன்."

 அவள் வந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை இதச் சொல்லணும். ஞாபகப்படுத்துங்கப்பா," என்றவள், உடனே தலையை ஆட்டினாள். "வேணாம், நீங்க அஞ்சு மார்க். நானே எழுதி வச்சுக்கறேன்."